ஒரு எஞ்சினா, ஒன்பது எஞ்சினா? நின்ற இடத்தில் எழும் ஜெட்டுக்கு எது சரியான வழி

ஒரு ஜெட் விமானம் ஓடுபாதையில் ஓடாமல், நின்ற இடத்திலிருந்தே மேலே எழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை ஏழு டன் என்றால், கீழ்நோக்கித் தள்ளும் விசை ஏழு டன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாக வேண்டும். இதுவரை எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அந்த விசையை எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்வியில்தான் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, சோவியத் யூனியன், அமெரிக்கா என்று ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். அந்தத் தேடலில் விமானிகள் சிலர் உயிரையும் கொடுத்தார்கள்.

பெரிய வழிகள் மூன்று. விமானத்தை முன்னால் தள்ளும் எஞ்சினின் காற்றையே கீழே திருப்பிவிடுவது முதல் வழி. பிரிட்டனின் ஹேரியர் போர் விமானத்தின் பெகாசஸ் எஞ்சின் இந்த வகை. முன்னால் போக ஒரு எஞ்சின், மேலே எழுவதற்கென்றே தனியாகச் சின்ன எஞ்சின்கள் என்று பிரித்துக்கொள்வது இரண்டாவது. எஞ்சின் ஒன்றுதான், ஆனால் அதிலிருந்து ஒரு தண்டு கிளம்பிப் போய் விமானத்தின் முன்பக்கம் படுக்கவைத்த ஒரு பெரிய விசிறியைச் சுற்றுவது மூன்றாவது. அமெரிக்காவின் இன்றைய எஃப்-35பி போர் விமானம் இப்படித்தான் இறங்குகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் காலத்துக்குப் பெகாசஸ்தான் சரியான விடை. தனி எஞ்சின்கள் வைத்தவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்ல, கணக்கில் சரியாக இருந்து நடைமுறையில் தோற்றவர்கள். விசிறி வழி பெகாசஸின் குறையைத் தீர்க்கிறது, ஆனால் அதற்குப் பெரிய விலை கேட்கிறது.

இவற்றை ஒப்பிட எதை அளவுகோலாக வைப்பது? உந்துவிசை எவ்வளவு என்பது மட்டும் போதாது. எழுந்த பிறகு ஒரு மணி நேரம் பறக்கும்போது அந்த ஏற்பாட்டில் எவ்வளவு சும்மா சுமையாக உட்கார்ந்திருக்கிறது? தரையிலிருந்து பதினைந்து மீட்டர் உயரத்தில் மிதக்கும்போது ஒன்று பழுதானால் விமானிக்கு என்ன ஆகும்? வெயில் அடிக்கும் கடலில் எஞ்சின் எவ்வளவு சோர்ந்துபோகும்? கீழே உள்ள தரை என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்ன இயற்பியல் இருக்கிறது. கொஞ்சம் காற்றை மிக வேகமாகத் தள்ளினாலும், நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினாலும் ஒரே அளவு விசை கிடைக்கும். ஆனால் செலவு ஒன்றல்ல. காற்றின் அளவை இரட்டிப்பாக்கி வேகத்தைப் பாதியாக்கினால், விசை அப்படியே இருக்க, செலவாகும் ஆற்றல் பாதியாகிவிடும். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பீய்ச்சினால் மண்ணில் குழி விழும்; அதே தண்ணீரை வாளியிலிருந்து ஊற்றினால் பரவிப் போய்விடும். ஜெட்டின் கீழே இருக்கும் தரைக்கும் இதே கதைதான். ஹெலிகாப்டர் சிக்கனமாக மிதப்பதும், சாதாரண ஜெட் எஞ்சினைக் கீழே திருப்பினால் எரிபொருளைக் குடித்துத் தள்ளுவதும் இதனால்தான்.

எட்டு எஞ்சின்களின் கணக்கு

இரண்டாவது வழியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் காலத்தால் அதுதான் முந்தியது. ரோல்ஸ்-ராய்ஸில் ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித் என்ற பொறியாளர் இருந்தார். ஜெட் எஞ்சின் கோட்பாட்டில் பெரிய ஆள். இரண்டு நீன் எஞ்சின்களை ஒரு குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, நான்கு கால்கள் வைத்து, மேலே ஒரு விமானியை உட்காரவைத்த ஒரு சோதனைப் பொறி அவர் யோசனையில் பிறந்தது. பார்க்கக் கட்டில் மாதிரி இருந்ததால் ‘பறக்கும் கட்டில்’ என்றே பெயர் நின்றுவிட்டது. 1954 ஆகஸ்டில் அது கயிறு இல்லாமல் எழுந்தது. இறக்கை இல்லாமல், வெறும் ஜெட்டின் மேல் ஒரு மனிதன் மிதக்க முடியும் என்று உலகம் கண்டது.

கிரிஃபித்தின் வாதம் எளிமையானது. மேலே எழ எடைக்குச் சமமான விசை வேண்டும். ஆனால் இறக்கையின் பலத்தில் பறக்கும்போது அதில் ஒரு பங்கு போதும். ஒரே எஞ்சினை எழுவதற்கான அளவில் செய்தால், பறக்கும்போது அது தேவைக்கு மிஞ்சிய எஞ்சினாகிவிடும். அதற்குப் பதில், ஓரிரு நிமிடம் மட்டும் ஓடும், ஆயுள் குறைந்த, எடை மிகக் குறைந்த எஞ்சின்களைத் தனியாகச் செய்தால் என்ன? ரோல்ஸ்-ராய்ஸ் செய்த ஆர்பி108 தன் எடையைப்போல எட்டு மடங்கு விசை கொடுத்தது. அடுத்து வந்த ஆர்பி162 பதினாறு மடங்கு. அதில் உலோகத்துக்குப் பதில் பல இடங்களில் கண்ணாடி இழை. ஒவ்வொன்றும் 4,400 பவுண்டு, அதாவது சுமார் இரண்டு டன் விசை. இப்படி எட்டு வைத்தால் பதினாறு டன் விசை. எஞ்சின்களின் எடை ஒரு டன்தான். காகிதத்தில் இதைத் தோற்கடிக்கவே முடியாது.

பிரான்சின் டசோ நிறுவனம் இந்தக் கணக்கை நம்பி மிராஜ் 3வி விமானத்தைக் கட்டியது. எழ எட்டு ஆர்பி162, பறக்க ஒரு பெரிய எஞ்சின். மொத்தம் ஒன்பது. 1966 செப்டம்பரில் அதன் இரண்டாவது மாதிரி ஒலியைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகம் தொட்டது. அந்த ஆண்டு நவம்பரிலேயே அது விழுந்து நொறுங்கியது. அதற்கு முன்பு சோதனைக்காகக் கட்டிய பால்சாக் என்ற விமானம் 1964லும் 1965லும் இரண்டு முறை விபத்துக்குள்ளானது. இரண்டு முறையும் விமானி இறந்தார். பிரிட்டனில் ஐந்து ஆர்பி108 எஞ்சின்களோடு பறந்த ஷார்ட் எஸ்சி.1 விமானமும் 1963ல் ஒரு விமானியைப் பலி வாங்கியது.

எங்கே பிசகியது? எஞ்சினின் எடையை மட்டும் கணக்கிட்டார்கள். எட்டு எஞ்சினுக்கும் காற்று உள்ளே வர மேலே கதவு வேண்டும், புகை போகக் கீழே கதவு வேண்டும், எரிபொருள் குழாய், தீத்தடுப்பு, ஒரே நேரத்தில் எட்டையும் உசுப்பிவிடும் ஏற்பாடு எல்லாம் வேண்டும். இவை எல்லாம் உடம்பின் நட்டநடுவில், அதாவது எரிபொருளும் ஆயுதமும் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மேலே எழுந்த இரண்டாவது நிமிடத்திலிருந்து தரையிறங்கும்வரை அது அத்தனையும் பிணச்சுமை.

உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு இதைவிட மோசம். ஒரு எஞ்சின் நின்றால் மற்ற ஏழு இருக்கின்றனவே என்று நினைக்கத் தோன்றும். மிதக்கும் விமானத்தில் அப்படி அல்ல. முன்பக்கம் ஒன்று நின்றால் மூக்கு கவிழும். பக்கவாட்டில் நின்றால் புரளும். சமநிலைக்காக எதிர்ப்பக்கத்து எஞ்சினையும் உடனே அடக்க வேண்டும். நின்றுபோக வாய்ப்புள்ள பொருள்கள் எட்டு மடங்கானால், ஏதாவது ஒன்று நின்றுபோகும் வாய்ப்பும் ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. அப்புறம் வெப்பம். எட்டுச் சின்ன, அதிவேக, நெருப்புக் காற்றுத் தாரைகள் தரையில் மோதித் திரும்பி மேலே வரும்; அதை எஞ்சின்களே மறுபடி உறிஞ்சும். சூடான காற்றை உறிஞ்சும் எஞ்சின் விசை இழக்கும். விமானம் எழ வேண்டிய அந்த நொடியில்தான் அது நடக்கும்.

ஜெர்மனி இதே பாதையில் இன்னும் தூரம் போனது. டோர்னியர் கட்டிய டோ 31 சரக்கு விமானத்தில் இரண்டு பெகாசஸ், எட்டு ஆர்பி162, ஆக மொத்தம் பத்து எஞ்சின்கள். பறந்தது, நன்றாகவே பறந்தது. 1970ல் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

நான்கு வாய், ஒரு கைப்பிடி

பெகாசஸின் கதை ஒரு பிரெஞ்சுக்காரரிடம் தொடங்குகிறது. மிஷெல் விபோ, போருக்கு முன்பே பேர்பெற்ற விமான வடிவமைப்பாளர். 1956ல் அவர் ஒரு யோசனையோடு வந்தார்: பிரிஸ்டல் நிறுவனத்தின் ஒரியன் எஞ்சினை வைத்து, அது சுற்றும் நான்கு காற்றூதிகளை விமானத்தின் இருபுறமும் பொருத்துவது. ஊதிகளின் கூடுகளைத் திருப்பினால் காற்று பின்னாலும் போகும், கீழேயும் போகும். விமானம் கிடைமட்டமாகவே இருக்க, விசையின் திசையை மட்டும் திருப்புவது என்பதே அதன் உயிர். அதுவரை பலர் விமானத்தையே வால்மேல் நிறுத்தி எழுப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாரிஸில் இருந்த, அமெரிக்கப் பணத்தில் நடந்த ஆயுத மேம்பாட்டு அலுவலகத்தின் கர்னல் வில்லிஸ் சாப்மன் அந்த வரைபடத்தைப் பிரிஸ்டலின் எஞ்சின் பொறியாளர் ஸ்டான்லி ஹூக்கரிடம் கொண்டுபோனார். ஹூக்கர் அதை இளம் பொறியாளர் கோர்டன் லூயிஸிடம் கொடுத்தார். லூயிஸ் செய்த மாற்றம்தான் இந்தக் கதையின் திருப்பம். நான்கு ஊதிகள், அவற்றுக்குத் தண்டுகள், பல்சக்கரப் பெட்டிகள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார். எஞ்சினின் முன்னாலேயே ஒரு பெரிய விசிறி. அது தள்ளும் குளிர்ந்த காற்று, பக்கத்துக்கு ஒன்றாக, திருப்பக்கூடிய இரண்டு நாசில்கள் (காற்று வெளியேறும் வாய்கள்) வழியாகப் போகட்டும். விசிறிக்குப் பிரிஸ்டலின் ஒலிம்பஸ் எஞ்சினின் முதல் அடுக்குகள். உள்ளே எரியும் பகுதிக்கு ஆர்ஃபியஸ் எஞ்சின். இரண்டுமே கையில் இருந்தவை. 1957 ஜனவரியில் விபோவும் லூயிஸும் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்.

ஆர்ஃபியஸ் என்ற பெயர் நம் நாட்டு விமான ஆர்வலர்களுக்குப் பழக்கமானது. நாட் விமானத்திலும் மாருத் விமானத்திலும் இருந்தது அதுதான்; பெங்களூரு எச்ஏஎல் அதை உரிமம் பெற்றுத் தயாரித்தது. பெகாசஸின் கருவும் அதே எஞ்சின்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

அப்போதும் வேலை பாதிதான் முடிந்திருந்தது. முன்னால் குளிர்ந்த காற்று கீழே திரும்பியது. பின்னால் சூடான புகை நேராகப் பின்பக்கமே போனது. ஹாக்கர் விமான நிறுவனத்தில் தலைமை வடிவமைப்பாளர் சிட்னி கேமின் கீழ் வேலை பார்த்த ரால்ஃப் ஹூப்பர் இதைத் தீர்த்தார். ஹாக்கரின் சீ ஹாக் விமானத்தில் புகைக்குழாய் கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து, இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் வெளிவரும். அதேபோலப் பின்புகையையும் இரண்டாகப் பிரித்து, அதற்கும் திரும்பும் நாசில் வைத்தால்? நான்கு வாய். விமானத்தின் எடைமையம் நான்குக்கும் நடுவில். நான்கு கால் மேசைமேல் நிற்பதுபோல விமானம் காற்றின்மேல் நிற்கும். இந்தியக் கடற்படையின் 300ஆம் அணி முதலில் ஓட்டியது அந்த சீ ஹாக். பிறகு ஓட்டியது சீ ஹேரியர். தாய் வீட்டு யோசனை மகள் விமானத்தில் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொரு நுட்பம். எஞ்சினுக்குள் விசிறித் தண்டும் உள் தண்டும் ஒரே பக்கம் சுற்றினால், பம்பரம் போல ஒரு முரட்டுப் பிடிவாதம் வரும். மிதக்கும்போது மூக்கைத் திருப்பினால் விமானம் வேறு பக்கம் சாயும். எனவே இரண்டையும் எதிரெதிர்த் திசையில் சுற்றவிட்டார்கள். பம்பரக் குணம் பெரும்பாலும் ஒன்றையொன்று தின்றுவிட்டது. மிதக்கும்போது இறக்கைக்கும் வாலுக்கும் வேலை இல்லை. எனவே எஞ்சினிலிருந்து கொஞ்சம் அழுத்தக் காற்றைக் குழாய் வழியே மூக்கு, வால், இறக்கை நுனிகளுக்குக் கொண்டுபோய்ச் சின்னத் துளைகளில் ஊதவிட்டுத் திசை திருப்பினார்கள். நான்கு நாசில்களையும் காற்றில் ஓடும் மோட்டார் சங்கிலி வழியாகச் சேர்த்துத் திருப்பும். விமானியின் கையில் வழக்கமான கட்டுப்பாடுகளோடு கூடுதலாக இருந்தது ஒரே ஒரு கைப்பிடி. அதைப் பின்னால் இழுத்தால் நாசில்கள் கீழே பார்க்கும், முன்னால் தள்ளினால் பின்னே பார்க்கும். ஒன்பது எஞ்சினை மேய்க்க வேண்டிய விமானியையும் இந்த விமானியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் தேர்வு ஏன் இந்தப் பக்கம் என்று புரியும்.

பிரிட்டிஷ் அரசு 1957ல்தான் இனி ஆள் ஓட்டும் போர் விமானமே வேண்டாம், ஏவுகணை போதும் என்று வெள்ளை அறிக்கை விட்டிருந்தது. அதனால் உள்நாட்டுப் பணம் கிடைக்கவில்லை. எஞ்சின் செலவில் முக்கால் பங்கை அந்தப் பாரிஸ் அலுவலகம் கொடுத்தது, மீதியைப் பிரிஸ்டல் போட்டது. 1959 செப்டம்பரில் பெகாசஸ் முதன்முறை ஓடியபோது விசை 9,000 பவுண்டு. 1960 அக்டோபர் 21ஆம் தேதி இங்கிலாந்தின் டன்ஸ்ஃபோல்டில், ஹேரியரின் முன்னோடியான ஹாக்கரின் பி.1127 விமானம் கயிற்றில் கட்டிய நிலையில் எழுந்தது. அப்போதும் எஞ்சின் 11,000 பவுண்டு சொச்சம்தான் கொடுத்தது. எழவேண்டும் என்பதற்காகக் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட்டார்கள். ஓட்டிய பில் பெட்ஃபோர்டுக்கு ஒரு கார் விபத்தில் கணுக்கால் உடைந்து, காலில் மாவுக்கட்டு. நவம்பரில் கயிறு அவிழ்ந்தது. 1961 செப்டம்பரில் நின்ற இடத்தில் எழுந்து, இறக்கைப் பறத்தலுக்கு மாறி, திரும்பி வந்து நின்று இறங்கியது.

அதன் பிறகு வளர்ச்சி நின்றபாடில்லை. பி.1127க்கு அடுத்து வந்த கெஸ்ட்ரல் விமானத்தில் 15,500 பவுண்டு, 1969ல் சேவைக்கு வந்த ஹேரியரில் 19,000, பிறகு 21,500, கடைசி வகையில் 23,800. முதலில் ஓடிய எஞ்சினைவிட இரண்டரை மடங்கு விசை, ஏறக்குறைய அதே உருவத்தில். வெப்பமான நாளில் உதவ, எரியறைக்குத் தண்ணீர் பீய்ச்சும் ஏற்பாடும் உண்டு: சுமார் 227 லிட்டர் காய்ச்சி வடித்த நீர், ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் விமானி இறங்கிவிட வேண்டும்.

குறையைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு நேர்மையாக இருக்காது. ஒரே எஞ்சின், நாசில்களைத் திருப்பவும் ஒரே ஏற்பாடு. 1963ல் பாரிஸ் விமானக் காட்சியில் மிதந்துகொண்டிருந்த பி.1127ன் நாசில் மோட்டாரில் ஒரு சின்னத் துகள் சிக்கி, நாசில்கள் தாமாகத் திரும்பி, விமானம் கூட்டத்தின் கண்முன்னே தரையில் மோதியது. பெட்ஃபோர்டு பிழைத்தார். பிற்காலத்திலும் ஹேரியரின் விபத்துக் கணக்கு சின்னதல்ல. எஞ்சினை மாற்ற வேண்டுமென்றால் இறக்கை முழுவதையும் கழற்றித் தூக்கினால்தான் எஞ்சினை மேலே எடுக்க முடியும். பராமரிக்கும் ஆட்களுக்கு அது பெரிய பாரம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேகம். அகலமான விசிறி, பக்கவாட்டில் துருத்தும் நான்கு வாய்கள். இந்த உருவத்தோடு கிடைமட்டமாகப் பறக்கும்போது ஒலியின் வேகத்தைத் தாண்ட முடியாது.

அதையும் தாண்டப் பார்த்தார்கள். முன் நாசில்களின் குளிர்ந்த காற்றிலும் எரிபொருளைக் கொளுத்தும் பிஎஸ்.100 எஞ்சின் 1964ல் ஓடியது. அதற்கான விமானம் பி.1154. நேட்டோ நடத்திய போட்டியில் இதுவும் மிராஜ் 3வியும் நேருக்கு நேர் நின்றன. கடைசியில் இரண்டையும் யாரும் வாங்கவில்லை. 1965 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசு பி.1154ஐ ரத்து செய்தது. பலர் அதைத் துயரமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெகாசஸை வாழவைத்ததே அதன் முன்பாதியின் குளிர்ந்த காற்று. அங்கேயும் நெருப்பை மூட்டினால் தரையும் கருகும், சூடான காற்றும் உள்ளே திரும்பும். மிராஜைக் கெடுத்த அதே நோய் இங்கேயும் வந்திருக்கும்.

சோவியத் வழி

யாக்-38 விமானம் இரண்டு யோசனையையும் கலந்தது. பின்னால் திரும்பும் நாசில்களோடு ஒரு எஞ்சின், விமானிக்குப் பின்னால் செங்குத்தாக இரண்டு சின்ன எஞ்சின்கள். முன்னும் பின்னும் சரியாக ஒத்துழைக்காவிட்டால் கண்மூடித் திறப்பதற்குள் கவிழும் என்பதால், விமானம் அளவுக்கு மேல் சாய்ந்தால் விமானியைத் தானாகவே வெளியே எறியும் இருக்கை வைத்தார்கள். அந்த இருக்கை நிறைய உயிர்களைக் காப்பாற்றியது. அப்படி ஒரு இருக்கை தேவைப்பட்டது என்பதே எஞ்சின் ஏற்பாட்டைப் பற்றிய தீர்ப்பு. வெப்பக் கடல்களில் அதன் விசை மிகவும் குறைந்து, சுமக்கக்கூடியது அற்பமானது.

அடுத்து வந்த யாக்-141 ஒலியின் வேகத்தைத் தாண்டியது. 1991ல் அது ‘அட்மிரல் கோர்ஷ்கோவ்’ கப்பலில் செங்குத்தாக இறங்கிக் காட்டியது. சில நாள்களில் இன்னொரு இறக்கத்தின்போது தளத்தில் மோதித் தீப்பிடித்தது. சோவியத் யூனியனோடு திட்டமும் முடிந்தது. அந்தக் கப்பல்தான் பிறகு உருமாறி ஐஎன்எஸ் விக்ரமாதித்யா ஆனது.

தண்டில் சுற்றும் விசிறி

1990களில் அமெரிக்கா புதிய விமானத்துக்குப் போட்டி வைத்தபோது, இந்த ஒப்பீடு ஆய்வகச் சோதனை மாதிரியே நடந்தது. போயிங்கின் எக்ஸ்-32, லாக்ஹீட் மார்ட்டினின் எக்ஸ்-35. இரண்டுக்கும் அடிப்படை எஞ்சின் ஒரே குடும்பம். போயிங் பெகாசஸ் வழியில் போனது: எஞ்சின் காற்றை நேராகக் கீழே திருப்புவது. லாக்ஹீட், பால் பெவிலாக்வாவின் யோசனைப்படி, எஞ்சினின் சுழல்தண்டிலிருந்து ஆற்றலை எடுத்து முன்னால் படுத்திருக்கும் விசிறிக்குக் கொடுத்தது.

மேலே சொன்ன இயற்பியல் இங்கே அப்படியே வேலை செய்கிறது. எஃப்-35பியின் எஞ்சின், பின்னெரிப்பு (வெளியேறும் புகையில் மறுபடி எரிபொருளைக் கொளுத்துவது) இல்லாமல் தரும் விசை சுமார் 28,000 பவுண்டு. அதே எஞ்சினிலிருந்து ஏறக்குறைய 28,000 குதிரைசக்தியை உறிஞ்சி, 1.27 மீட்டர் விட்டமுள்ள விசிறிக்குக் கொடுக்கும்போது, மொத்த விசை 40,000 பவுண்டை எட்டுகிறது. எரிபொருளைக் கூட்டிக் கிடைத்ததல்ல. அதே ஆற்றலில் அதிகக் காற்றைத் தள்ளியதால் கிடைத்தது. முன்னால் இறங்கும் காற்று குளிர்ந்தது. பின்னாலிருந்து வரும் சூட்டை அது எஞ்சினின் வாய்ப்பக்கம் வரவிடாமல் ஒரு சுவர்போலத் தடுக்கிறது. விசிறி விமானியின் பின்னால், தனிக் கதவுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் எஞ்சின் ஒல்லியாகவே இருக்கலாம். ஒலியின் வேகத்தைத் தாண்டுவதற்கு இருந்த தடை நீங்குகிறது.

எக்ஸ்-32பி மிதப்பதற்காகக் காற்று நுழையும் வாயின் முன் விளிம்பையும் சக்கரக் கதவுகளையும் கழற்ற வேண்டியிருந்தது. 1960ல் பி.1127க்கு நடந்ததே நாற்பது ஆண்டு கழித்து மறுபடி. எக்ஸ்-35பியோ 2001 ஜூலை 20ஆம் தேதி ஒரே பறப்பில் குறைந்த தூரத்தில் எழுந்து, ஒலியைத் தாண்டி, நின்று இறங்கியது. அதுவரை எந்த விமானமும் அதைச் செய்ததில்லை. அக்டோபரில் லாக்ஹீட் வென்றது.

ஆனால் அந்த விசிறியும் பறக்கும்போது சும்மாதான் கிடக்கிறது. கிரிஃபித்தின் எட்டு எஞ்சின்களைப் பிணச்சுமை என்று சொல்லிவிட்டு இதை விட்டுவிட முடியாது. சாதாரண எஃப்-35ஏ சுமார் 18,000 பவுண்டு எரிபொருள் கொள்ளும். விசிறி இடத்தைத் தின்றுவிட்டதால் எஃப்-35பி சுமார் 13,000தான் கொள்ளும். உள்ளே வைக்கும் குண்டும் 2,000 பவுண்டு வகைக்குப் பதில் 1,000 பவுண்டு வகை. அந்தத் தண்டு, அதை இணைத்து விலக்கும் கிளட்ச், தொண்ணூறு பாகை திருப்பும் பல்சக்கரங்கள் எல்லாம் பெரும் ஆற்றலைத் தாங்க வேண்டியவை. மேம்பாட்டின்போது கிளட்ச் சூடாவது பெரிய தலைவலியாக இருந்தது. பின் நாசில் மிகச் சூடு. கப்பல் தளங்களுக்கு வெப்பம் தாங்கும் பூச்சு போடவேண்டி வந்தது. கிரிஃபித்தின் சுமைக்கும் இதற்கும் எனக்குத் தெரியும் வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் அது பெரியது: விசிறிக்குள் நெருப்பு இல்லை. தனியாகப் பற்றவைக்க வேண்டாம், தனி எரிபொருள் வேண்டாம், அது தள்ளுவது குளிர்ந்த காற்று.

நேராக எழத்தான் வேண்டுமா?

மூன்று வழிகளையும் எடைபோடும் எவரும் இதையும் கேட்டாக வேண்டும். நடைமுறையில் ஹேரியர் நேராக எழுந்தது குறைவு. குண்டும் எரிபொருளும் நிரப்பிக்கொண்டு நேராக எழ விசை போதாது. குட்டை ஓட்டம் ஓடி, நாசிலைப் பாதி கீழே திருப்பி எழுவார்கள். எடை குறைந்து திரும்பும்போது நேராக இறங்குவார்கள். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி டக் டெய்லர் கப்பல் முனையை மேல்நோக்கி வளைத்துவிட்டால் போதும் என்று கண்டுபிடித்தார். எஞ்சினில் ஒரு பவுண்டு கூட்டாமல், வெறும் இரும்பு வளைவு, சுமையை டன் கணக்கில் கூட்டியது. 1982 ஃபாக்லாந்து போரில் சீ ஹேரியர்கள் வான் சண்டையில் ஒன்றைக்கூட இழக்கவில்லை. அவை எழுந்தது அந்த வளைவிலிருந்து. அப்போது போன ஹெர்மிஸ் கப்பல்தான் 1987ல் நம் ஐஎன்எஸ் விராட் ஆனது.

இந்தியக் கடற்படை 1972ல் பழைய விக்ராந்தின் தளத்தில் ஹேரியர் இறங்கி எழுவதைப் பார்த்தது; 1983ல் முதல் சீ ஹேரியர்கள் கோவாவுக்கு வந்தன; 2016ல் விடைபெற்றன. அவற்றின் இடத்துக்கு வந்த மிக்-29கே வளைவில் எழுந்து, இறங்கும்போது கப்பல் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் கொக்கி மாட்டி நிற்கும் வகை. நேராக இறங்கும் வசதியைக் கைவிட்டு, இரண்டு சாதாரண எஞ்சினும் ஒலியைத் தாண்டும் வேகமும் எடுத்துக்கொண்டார்கள். கம்பி கட்ட இடமுள்ள பெரிய கப்பல் கையில் இருந்தால், இந்த முடிவில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வெப்பக் கடலில் விசை குறைந்த எஞ்சினை நம்பி, மீந்த ஆயுதங்களைக் கடலில் கொட்டிவிட்டு இறங்குவதைவிட இது மேல்.

கம்பிக்கு இடமில்லாத சின்னக் கப்பல், அல்லது ஓடுபாதையே தாக்கப்படும் சின்ன நாடு என்றால் கணக்கு மாறும். சிங்கப்பூர் எஃப்-35பியைத் தேர்ந்தது அதனால்தான்: தீவில் நிலம் குறைவு, ஓடுபாதைகள் எண்ணிவிடலாம். 1960களில் அதே கேள்வியை யார் என்னிடம் கேட்டிருந்தாலும் பெகாசஸ் என்றிருப்பேன், வேகத்தை விட்டுக்கொடுத்து. இன்று பெகாசஸ் புதிதாகச் செய்யப்படுவதில்லை. விசிறி ஒன்றுதான் விலைக்குக் கிடைக்கும் வழி. எட்டு எஞ்சின் வழியை அன்றும் தேர்ந்திருக்க மாட்டேன், இன்றும் மாட்டேன்.

கோவா போகிறவர்கள் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கும் சீ ஹேரியரின் பக்கவாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முன் நாசிலும் பின் நாசிலும் தனித்தனியாகத் தெரியும். முன்னது லூயிஸின் குளிர்ந்த காற்று; பின்னது சீ ஹாக்கிலிருந்து ஹூப்பர் எடுத்துவந்த கால்சட்டைக் குழாய்.